ஊருக்கு ஒரு மரபுக்கூடம்: சிற்றூரில் அருங்காட்சியகமும் கூடுமிடமும் அமைக்க ஒரு வழிகாட்டி

சிற்றூரில் அருங்காட்சியகம் அமைக்க முன்வருவோர் பெரும்பாலும் பழம்பொருள்களைத் திரட்டும் வேலையிலிருந்தே தொடங்குகிறார்கள். உண்மையில் பொருள்கள் வந்து சேர்வதில் பெரிய சிரமம் இல்லை. பரணிலும் மாட்டுக்கொட்டகையிலும் கிடக்கும் மரக்கால், குந்தாணி, ஏர், பத்தாயம் ஆகியவற்றை எடைக்குப் போட மனமில்லாமலும் வைத்துக்கொள்ள இடமில்லாமலும் தவிக்கும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. திறப்பு விழா முடிந்து இரண்டாம் ஆண்டிலும் கதவு நாள்தோறும் திறந்திருப்பதுதான் கடினமானது. சாவி ஒருவர் வீட்டில் தொங்க, வெளியூர் விருந்தினர் வரும்போது மட்டும் தூசி தட்டப்படும் கூடங்கள் பல உண்டு. ஊர் மக்கள் வேறு வேலையாக வந்துபோகும் இடத்தில் வைக்கப்பட்ட பொருள்தான் நிலைக்கும் என்பது இவ்வழிகாட்டியின் அடிப்படை எண்ணமாகும். ஆகவே கூடுமிடத்தை முதலிலும் காட்சிப் பொருள்களை அதற்கு அடுத்தும் திட்டமிடுமாறு இது பரிந்துரைக்கிறது. சட்டங்களும் திட்டங்களும் தமிழ்நாட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்டுள்ளன.

இடம் தேர்வு

இடத்தைத் தேர்வு செய்யும்போது சதுர அடியைக் கணக்கிடுவதற்கு முன், அந்த வாசலுக்குள் ஊரில் உள்ள எல்லாத் தெருவினரும் தயக்கமின்றி வருவார்களா என்று கேட்க வேண்டும். கோயில் மண்டபமோ ஒரு சமூகத்துக்குரிய திருமண மண்டபமோ இலவசமாகக் கிடைத்தாலும் அதை ஏற்காமல் இருப்பதே நல்லது. அங்கே யார் உட்காரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்ற பழைய வழக்கம் கட்டடத்தோடு சேர்ந்தே வரும். பலகை மாட்டினால் அது போய்விடாது. பயன்பாட்டில் இல்லாத ஊராட்சிப் பள்ளி, மூடிய அரிசி ஆலை, பழைய நூலகக் கட்டடம், பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் உள்ள பொதுக் கட்டடம் போன்றவை ஏற்றவை. கட்டடமே காட்சிப் பொருளாக அமைந்துவிடுவதும் உண்டு. இலங்கையில் கம்பளைக்கு அருகே மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்காக அமைந்த அருங்காட்சியகம், அவர்களின் முன்னோர் குடியிருந்த, லயன் அறைகள் எனப்படும் பழைய வரிசைக் குடியிருப்புகளிலேயே இயங்குகிறது. ஒரு குடும்பம் முழுதும் எவ்வளவு சிறிய இடத்தில் வாழ்ந்தது என்பதை விளக்க அங்கே எழுத்துப் பலகை தேவைப்படாது.

கட்டடம் யாருடையது என்பதைப் பட்டா, சிட்டா, ஊராட்சிச் சொத்துப் பதிவேடு ஆகியவற்றில் சரிபார்த்த பிறகே ஒரு செங்கல்லையும் மாற்ற வேண்டும். புறம்போக்கு நிலமாக இருந்தால் அதன் வகைப்பாட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கில் எழுந்த கட்டடத்தை எந்தத் தீர்மானமும் காப்பாற்றாது. ஊராட்சிக் கட்டடமாயின் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலைக் கோப்பில் வைக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் சபையில் இதைப் பொருளாக முன்வைக்கலாம். தனியார் வீடாக இருந்தால் வாய்ப்பேச்சை நம்பக் கூடாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டும். இன்று பெருந்தன்மையோடு சாவி தரும் பெரியவரின் வாரிசுகள் அதே மனத்தோடு இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரின் மேல் சிமெண்ட் பூசுவது அடிக்கடி நடக்கும் தவறாகும். சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியே ஆவியாகி வெளியேறும். சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சு பெயர்ந்து விழும். ஆகவே பழுது பார்ப்பதும் சுண்ணாம்பிலேயே நடக்க வேண்டும். ஓட்டுக் கூரையாக இருந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஓடு மாற்றி முடிக்க வேண்டும். சாய்தளம், குடிநீர், பெண்களும் பயன்படுத்தத்தக்க கழிப்பறை ஆகிய மூன்றும் இல்லாத இடத்தைக் கூடுமிடம் என்று அழைப்பதில் பொருள் இல்லை. கண்ணாடிப் பேழை வாங்கும் பணத்தை முதலில் இவற்றுக்குச் செலவிடலாம்.

அமைப்பும் பணமும்

தனிமனிதர் ஒருவரின் ஆர்வத்தில் தொடங்குவது இயல்பு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் 1992-இல் மறைந்த பின்னும் சிதறாமல் நின்றதற்குக் காரணம், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியதும் 1994-இல் அவர் பெயரிலேயே சென்னையில் ஆய்வு நூலகம் அமைந்ததும் ஆகும். எல்லாச் சேகரிப்பாளருக்கும் அப்படி ஒரு நிறுவனம் வந்து வாய்க்காது. எனவே தொடக்கத்திலேயே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஒரு சங்கமாகவோ, பதிவு செய்த அறக்கட்டளையாகவோ அமைப்பை உருவாக்க வேண்டும். சங்கத்துக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் தேவை. அந்த ஏழு பேரும் ஒரே தெருவினராகவோ ஒரே குடும்பத்தின் உறவினராகவோ இருந்தால், அதன் சேகரிப்பும் அப்படியே அமைந்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நிர்வாகக் குழுவில் பெண்கள் பெயரளவுக்கு அல்லாமல், பொருளாளர், செயலாளர் போன்ற பொறுப்புகளில் இருப்பது பயன் தரும்; சமையலறையும் தொட்டிலும் சார்ந்த பொருள்களின் வரலாறு அவர்கள் வழியாகத்தான் வரும்.

அமைப்புக்கு வருமானவரி விலக்கும் கொடையாளருக்கு வரிச்சலுகையும் தரும், 12ஏ, 80ஜி என்று வழங்கிவரும் பதிவுகளைப் பெற்றுவிட்டால் நன்கொடை கேட்பது எளிதாகும். வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர்களிடமிருந்து பணம் பெறும்போது மட்டும் கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பணிபுரிபவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அவரே அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், அவர் பூர்வீகத்தால் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும், அத்தொகை வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன் கீழ் வரும். அதற்குரிய பதிவு இல்லாமல் அதைப் பெறக் கூடாது. கட்டடப் பணிக்கு, மக்கள் பங்களிப்போடு அரசு நிதி சேரும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் வாய்ப்பு உண்டா என்று ஊரக வளர்ச்சித் துறை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

திறப்புச் செலவுக்குப் பணம் தர ஆள் கிடைப்பார்கள். மாதச் செலவுக்குக் கிடைப்பது அரிது. நாள்தோறும் மாலையில் கதவைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றி, வருகிறவருக்குப் பதில் சொல்லும் ஒரு பொறுப்பாளருக்கு ஊதியம் கொடுத்தே ஆக வேண்டும். திரட்டும் தொகையில் மூன்றாண்டு ஊதியத்தையும் மின்கட்டணத்தையும் வைப்புநிதியாக ஒதுக்கிய பிறகு மீதியில் கட்டடம் கட்டுவதே அறிவுடைமை. சிறிய கூடமாகத் தோன்றினால் தோன்றட்டும்.

எவற்றை ஏற்கக் கூடாது

நல்லெண்ணத்தோடு வாங்கி வைத்த பொருளே வழக்கில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். பழைய வீடுகளின் முகப்பில் மாட்டியிருந்த மான்கொம்பு, தந்தத்தால் செய்த பெட்டி, புலித்தோல் போன்றவற்றைப் பாரம்பரியப் பொருள் என்று சொல்லிப் பலர் கொண்டுவருவார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி உரிமைச் சான்று இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே குற்றம். பணிவோடு மறுத்து, வனத்துறையை அணுகுமாறு சொல்லிவிட வேண்டும். ஜமீன் காலத்துத் துப்பாக்கி துருப்பிடித்துச் சுடாத நிலையில் இருந்தாலும் காவல் நிலையத்தில் கேட்காமல் வாசலுக்குள் விடக் கூடாது.

வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போதோ உழும்போதோ கிடைத்த செப்புச் சிலை, காசுப் பானை, நகை ஆகியவை கண்டெடுத்தவருக்கும் அருங்காட்சியகத்துக்கும் சொந்தமல்ல. இந்தியப் புதையல் சட்டம், 1878-இன்படி மண்ணில் மறைந்திருந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். முதுமக்கள் தாழி, கறுப்பு சிவப்புப் பானை ஓடு, எழுத்துப் பொறித்த ஓடு முதலியவை தென்பட்டால் தொடாமல், படம் மட்டும் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தொல்லியல் துறைக்குச் சொல்வதே முறை. இந்த இடத்தில் ஆர்வலர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் கீழடி அகழாய்வுக்கு மதிப்பு வந்தது, ஒவ்வொரு பொருளும் எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற பதிவினால்தான். 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது மக்கள் கண்ட பொருள்களுக்குப் பின்னால் அப்பதிவு இருந்தது. மண்வெட்டியால் கிளறி எடுத்த தாழியிடம் சொல்வதற்கு எந்தச் செய்தியும் மிஞ்சியிருக்காது.

நூறாண்டைக் கடந்த சிற்பம், ஓவியம் முதலியவையும், 75 ஆண்டைக் கடந்த வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள சுவடிகளும் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972-இன் வரம்புக்குள் வருகின்றன. அவற்றில் சிற்பம், ஓவியம் போன்ற குறிப்பிட்ட வகைகளைப் பதிவு அலுவலரிடம் படத்தோடு பதிவு செய்ய வேண்டும். பதிவான பொருள் கைமாறும்போது அதையும் தெரிவிக்க வேண்டும். கோயில் சிலைகளையும் கோயில் பாத்திரங்களையும் பொறுத்தவரை விதி எளியது: வாங்கவே கூடாது. வயலோரத்து நடுகல்லையும் பெயர்த்துக்கொண்டு வர வேண்டாம். அது நிற்கும் இடத்திலேயே வழிபாடு நடக்கலாம், இடமே அதன் வரலாற்றில் பாதியாகவும் இருக்கலாம். படமும் வரைபடமும் கூடத்தில் இருந்தால் போதும்.

பொருளோடு வரும் பேச்சு

மீதமுள்ள பொருள்களே ஒரு சிற்றூருக்குப் போதும் என்பது மட்டுமல்ல, அவையே சிறந்தவை. எடுத்துக்காட்டாக, மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலையை எண்ணிப் பார்க்கலாம். பல கூடங்களில் நீர் மொள்ளும் இரும்புச் சால் ஒன்றை மூலையில் வைத்து, ‘கமலைச் சால், இரும்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். கிணற்று மேட்டில் இருந்த உருளையும், அதன் மேல் ஓடிய வடமும், சாலின் அடியில் தைத்திருந்த தோல் குழாயான தும்பியும், மாடுகள் நடந்த சரிவும் இல்லாமல் அந்தச் சால் என்ன செய்தது என்று இன்றைய மாணவருக்கு விளங்காது. மாடுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தம் எடையையும் சேர்ப்பார். சால் மேலே வந்ததும் தும்பியின் வாய் தாழ்ந்து தண்ணீர் தொட்டியில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்து மேடேறச் சால் மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கும். இதைத் தம் கையால் ஓட்டியவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருப்பார்கள். சால் கொடுத்த வீட்டில் உட்கார்ந்து, எந்தக் கிணறு, எத்தனை நிலத்துக்குப் பாய்ந்தது, தும்பியை யார் தைத்துக் கொடுத்தார்கள், அவர்களுக்குக் களத்தில் எவ்வளவு நெல் அளந்தார்கள், மின் மோட்டார் எப்போது வந்தது, மாடுகளை என்ன செய்தார்கள் என்று கேட்டால், அந்தப் பதில்களே விளக்கப் பலகையாகும். தும்பி தைத்தவர் யார் என்ற கேள்வி, பொருளைக் கொடுத்த தெருவிலிருந்து வேறொரு தெருவுக்கு அழைத்துச் செல்லும். அந்தத் தெருவுக்கும் போகாமல் எழுதப்படும் ஊர் வரலாறு நிலம் வைத்திருந்தவர்களின் வரலாறாக மட்டுமே நின்றுவிடும்.

அளவைகளும் அப்படித்தான். எட்டுப் படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்று வாய்பாடு சொன்னாலும், படியின் கொள்ளளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது. உங்கள் ஊர்ப் படியில் அரிசியை நிரப்பித் தலை தட்டி, இன்றைய தராசில் நிறுத்து, அந்த எடையைப் பலகையில் எழுதலாம். சீர்வரிசைப் பாத்திரங்களின் விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் பெயரையும் தேதியையும் சாய்வொளியில் படித்துக் குறிக்க வேண்டும். யார் யாருக்கு, எந்த ஊரிலிருந்து கொடுத்தார்கள் என்ற செய்தி பல வீடுகளில் அந்த விளிம்பில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

பதிவேடு தைத்துக் கட்டிய பெரிய குறிப்பேடாக இருக்க வேண்டும். கணினிப் பட்டியல் அதற்கு நகலாகலாம், மாற்றாக முடியாது. ஆண்டு, அவ்வாண்டின் கொடை வரிசை, அக்கொடையில் பொருளின் வரிசை என்று எண் கொடுத்தால் குழப்பம் வராது: 2026-இல் வந்த பதினான்காம் கொடையின் மூன்றாம் பொருளுக்கு 2026.14.3 என்பது எண். அந்த எண்ணை மைப்பேனாவால் பொருளின் மேல் எழுதாமல், பருத்தி நாடாவில் எழுதிக் கட்ட வேண்டும். கொடையா இரவலா என்பதை அன்றே கையெழுத்தோடு எழுதி வாங்க வேண்டும். ‘இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடப்பட்ட பொருள்களே பின்னாளில் பங்காளிகளின் சண்டைக்குக் காரணமாகின்றன. இரவலுக்குக் கால எல்லை குறிப்பது கட்டாயம். பழைய புகைப்படங்களை நிரந்தரமாகக் கேட்டால் குடும்பங்கள் தயங்கும். ஒரு நாள் குறித்து, கூடத்துக்கே கொண்டுவரச் சொல்லி, 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, மூலத்தை அவர்கள் கையிலேயே அன்று திருப்பிக் கொடுத்துவிடுவது மேல். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அருகில் இருப்போர் சொல்லச் சொல்லக் குறிக்கும் அந்த வேலைதான் கூடுமிடத்தின் முதல் நிகழ்ச்சியாக அமையத் தக்கது.

பாடல்களையும் பதிவு செய்யலாம். கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தொடக்கத்தில் நாளையும் இடத்தையும் பாடுபவரின் இசைவையும் சொல்லிப் பதிவு செய்தால் போதுமான தரம் கிடைக்கும். தாலாட்டை வீட்டுத் திண்ணையிலேயே பாடிவிடுவார்கள். ஒப்பாரியோ அப்படியல்ல, சாவு விழாத வீட்டில் அதைப் பாடுவது ஆகாது என்று பெண்கள் மறுப்பார்கள், வற்புறுத்துவதும் முறையன்று. எவர் வீடும் அல்லாத பொதுக்கூடம் ஒன்று இருந்தால் அந்தத் தயக்கம் குறைவதற்கு வழியுண்டு.

பொருள்களைக் காப்பது

புளி போட்டு விளக்குவதை நிறுத்துவதே பித்தளை, வெண்கலப் பொருள்களுக்குச் செய்யும் பெரிய உதவி. புளியின் அமிலம் மேற்பரப்பைத் தின்று, மேலே சொன்ன வெட்டெழுத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடும். உலர்ந்த மென்துணியால் துடைப்பது போதும். பழைய பத்திரங்களையும் கடிதங்களையும் லேமினேஷன் செய்யக் கூடாது. செய்தபின் பிரிக்க முடியாது. செலோடேப் ஒட்டுவதும் அவ்வாறே, சில ஆண்டுகளில் பசை மஞ்சள் கறையாகத் தாளில் ஊறிவிடும். மரப் பொருள்களைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் வைத்தால் கரையான் மண் ஏறுவது கண்ணில் படும். பட்டுச் சேலைகளை மடிக்காமல், பருத்தித் துணி சுற்றிய குழாயில் சுருட்டி வைக்க வேண்டும். துணியும் தாளும் வெயில் விழும் சன்னலுக்கு எதிரே இருக்கக் கூடாது; 50 லக்ஸ் என்ற மங்கலான ஒளியே அவற்றுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு.

ஓலைச்சுவடி வந்தால் ஏடுகளைப் பிரிக்க முயலாமல், பருத்தித் துணியில் பொதிந்து வைத்துவிட்டு அறிந்தவர்களை அழைக்க வேண்டும். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவது சுவடி நூலகங்களில் உள்ள வழக்கமே என்றாலும், உளுத்து ஒட்டிக்கொண்ட ஏட்டில் பழகாத கை பட்டால் நொறுங்கிவிடும். சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சுவடித் துறை ஆகியவற்றை அணுகலாம். உலோகம், மரம் குறித்த ஐயங்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இயங்கும் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு உண்டு. தின்பண்டம் கரப்பான் முதலிய பூச்சிகளை வரவழைக்கும் என்பதால், தேநீரும் சுண்டலும் தாழ்வாரத்தோடு நிற்க வேண்டும்.

கூடத்தை நடத்துவது

தரையில் பாதிக்கு மேற்பட்ட பரப்பைக் காலியாக விடுங்கள். சுவரை ஒட்டிய அலமாரிகளிலும் கனமான பொருள்களுக்கான தாழ்ந்த மேடையிலும் காட்சி முடிந்துவிட வேண்டும். நடுவில் பாய் விரிக்கலாம், நாற்காலி போடலாம். பிற்பகல் நான்கு மணி முதல் இரவு எட்டு மணி வரை திறந்திருப்பது, காலை பத்து முதல் ஐந்து வரை திறந்திருப்பதைவிடச் சிற்றூருக்குப் பொருந்தும். நாளிதழ், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு மேசையும் நல்ல விளக்கும், மகளிர் சுயஉதவிக் குழுவின் கூட்டம், திருவிழாவுக்கு முன் கும்மி, கோலாட்டப் பயிற்சி, பள்ளி விட்ட பின் பிள்ளைகள் என்று ஒவ்வொரு மாலைக்கும் ஒரு காரணம் இருந்தால் பொறுப்பாளர் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிராது. கட்சிக் கூட்டத்துக்கும் சாதிச் சங்கக் கூட்டத்துக்கும் இடம் தருவதில்லை என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மற்றவருக்கு மறுப்பது முடியாத காரியம்.

விளக்கப் பலகைகள் நின்றபடி படிக்கத்தக்க பெரிய எழுத்தில், ஐம்பது அறுபது சொற்களுக்குள், கண்ணாடி அணிந்த முதியவரும் ஆறாம் வகுப்பு மாணவரும் ஒருசேரப் படிக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரு சுவரின் காட்சியை மாற்றினால், ஏற்கெனவே பார்த்தவர் மறுபடியும் பார்ப்பார். அதற்காகவே சேகரிப்பு முழுவதையும் காட்சிக்கு வைக்காமல் பாதியை உள்ளறையில் வைப்பது நல்லது. திறப்பு விழாவைப் பொங்கல் விடுமுறையிலோ ஊர்க் கோயில் கொடை விழாவின்போதோ வைத்துக்கொண்டால் பிழைப்புக்காக வெளியூர் சென்றவர்களும் இருப்பார்கள். சுவர்கள் நிறையட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. காலியான அலமாரியைப் பார்த்துத்தான் ‘எங்கள் வீட்டில் ஒன்று கிடக்கிறது’ என்ற பேச்சு எழும்.

பொருளைக் கொடுப்பவர்கள் தயங்கிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்கள்: இந்தக் கூடம் நின்றுபோனால் எங்கள் பொருள் என்னவாகும்? சங்கத்தின் துணைவிதிகளிலேயே அதற்குப் பதில் இருக்க வேண்டும். கலைக்கும் நிலை வந்தால் இரவல் பொருள்கள் உரியவரிடம் திரும்பும் என்றும், கொடைப் பொருள்களை எந்த உறுப்பினரும் பங்கிட்டுக்கொள்ளாமல், முதலில் கொடுத்த குடும்பத்தைக் கேட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்கோ பதிவேட்டோடு ஒப்படைப்பது என்றும் எழுதி, அந்தப் பக்கத்தின் நகலைக் கொடை ஒப்புதல் படிவத்தின் பின்புறம் அச்சிட்டுக் கொடுங்கள்.